கன்ட்ரோல் அறையிலிருந்து கதை வசனத்துக்கு

ரயில்வேயில் சம்பளம் வாங்கிக்கொண்டே கலைக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் நம் நாட்டில் ஒருவர் இருவர் அல்லர். நம் நாகேஷ் சென்னையில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்து நாடகம் போட்டவர் என்பது வாசகர்கள் எல்லோருக்கும் தெரியும். இந்திப் பாடலாசிரியர் ஷைலேந்திரா பம்பாய் மாட்டுங்காவில் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பழகியவர். கவியரங்கில் அவரைக் கேட்ட ராஜ்கபூர் படத்துக்குப் பாட்டு எழுத அழைத்தபோது மறுத்துவிட்டு, பின்னர் குடும்பச் செலவு நெருக்கியபோது தாமே போய்ப் பார்த்து, 1949இல் வந்த 'பர்சாத்' படத்துக்கு இரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தார். மலையாளத்தில் 'சட்டக்காரி' நாவலை எழுதிய பம்மனும் ரயில்வேக்காரர்தான். இயக்குநர் கே.ஜி. ஜார்ஜின் முதல் படமான 'ஸ்வப்னாடனம்' படத்தின் திரைக்கதையை ஜார்ஜுடன் சேர்ந்து எழுதியவர் அவர். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து அந்தச் சிறு ஸ்டேஷன்களையே கதையாக்கிய வைசாகன், பிற்காலத்தில் கேரள சாகித்ய அகாதெமியின் தலைவராகவே உயர்ந்தார்.

இந்த வரிசையில் நமக்கு மிகவும் பக்கத்தில் இருப்பவர் ஒருவர். பாலக்காடு கோட்டத்தில் சீஃப் கன்ட்ரோலராக இருந்தவர். மலையாளிதான், ஆனால் தமிழை நன்றாகக் கற்று, தமிழ் எழுத்தை மலையாளத்துக்குக் கொண்டு போனவர். ரயில்வேயை விட்டபிறகு ஷாஜி என். கருணுக்குத் திரைக்கதையும், மம்மூட்டி நடித்த 'பிரமயுகம்' படத்துக்கு வசனமும் எழுதியவர். பெயர் டி.டி. ராமகிருஷ்ணன். நம் சங்கத்து அன்பர்களில் பலர் 'பிரமயுகம்' பார்த்திருப்பார்கள். வசனம் எழுதியவரின் பெயரைக் கவனித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

நான் இலக்கியம் படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளப் பகுதியில் சேர்ந்து, ஜல்லியும் ஸ்லீப்பருமாகக் காலம் கழித்து, ஓய்வு பெற்று இப்போது கோவிந்தாபுரத்தில் இருப்பவன். ராமகிருஷ்ணனை நேரில் சந்தித்ததும் இல்லை. அவருடைய நாவல்களை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். அந்த நாற்காலியைத் தெரிந்துகொள்ளாமல் அவருடைய எழுத்தைப் பற்றிப் பேசினால் பாதிதான் பேசியதாகும் என்பது என் எண்ணம்.

ராமகிருஷ்ணன் 1961இல் திருச்சூர் மாவட்டத்தில் குன்னங்குளத்துக்கு அருகிலுள்ள எய்யால் என்ற ஊரில் பிறந்தவர். 1981இல், இருபது வயதில், சேலத்தில் டிக்கெட் கலெக்டராக ரயில்வேயில் சேர்ந்தார். மலையாளிப் பையன் சேலத்தில் எப்படி என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். அப்போது சேலம் கோட்டம் என்று ஒன்று கிடையாது. ஒலவக்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட நம் கோட்டம் ஜோலார்பேட்டையிலிருந்து மங்களூர் வரை நீண்டு கிடந்தது. சேலம், ஈரோடு, கோயம்புத்தூர் எல்லாம் அதற்குள்தான். 2007 நவம்பர் 1ஆம் தேதி சேலம் கோட்டம் பிரிந்தபோது பாலக்காட்டில் எழுந்த எதிர்ப்பு பலருக்கு நினைவிருக்கும். அது வருமானமும் வேலை வாய்ப்பும் பற்றிய சண்டை. ஆனால் பிரிவதற்கு முன்னிருந்த அந்தப் பெரிய கோட்டம் ஒரு காரியத்தை ஓசையில்லாமல் செய்துகொண்டிருந்தது. ஒரே ஊழியர் பட்டியலில் தமிழரையும் மலையாளியையும் துளுவரையும் போட்டு, இவரை அங்கேயும் அவரை இங்கேயும் மாற்றி, ஒருவர் மொழியை மற்றவர் பேசும்படி செய்துவிட்டது. ஷொரணூரில் தமிழ் பேசும் கேங்மேனும், ஈரோட்டில் மலையாளம் பேசும் டிரைவரும் அப்போது சாதாரணம். குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் ஓணமும் அடுத்த வீட்டில் பொங்கலும் நடக்கும். ராமகிருஷ்ணன் அந்தக் காலத்தின் ஆள்.

சேலத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர முடியவில்லை. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் தயாரானது சேலத்தில்தான். டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம். மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) எடுத்ததும் அதே கம்பெனி. 'மந்திரிகுமாரி'க்கு (1950) மு. கருணாநிதி வசனம் எழுதியதும் அவர்களுக்காகத்தான். ராமகிருஷ்ணன் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கம்பெனியின் பொற்காலம் முடிந்திருந்தது. இருந்தாலும், மலையாள சினிமா பேசக் கற்றுக்கொண்ட ஊரில் ஒரு மலையாள வசனகர்த்தா தமிழ் கற்றுக்கொண்டார் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு மகிழ்ச்சி.

டிக்கெட் கலெக்டர் வேலை ஒரு மொழிப் பள்ளிக்கூடம். வாசலில் நின்றால் போதும். ஓமலூர்க்காரர் ஒரு தமிழ், தர்மபுரிக்காரர் இன்னொரு தமிழ், ஆத்தூர்க்காரர் மூன்றாவது தமிழ் பேசிக்கொண்டு வருவார்கள். டிக்கெட் இல்லாதவர் பேசும் தமிழ் இவை எல்லாவற்றிலும் சிறந்தது. அதில் கற்பனை வளம் அதிகம். 1985க்குப் பிறகு கோழிக்கோடு, சென்னை, பாலக்காடு என்று பல இடங்களில் வேலை பார்த்த ராமகிருஷ்ணன், கடைசியில் பாலக்காட்டுக் கன்ட்ரோல் அலுவலகத்தில் நிலைத்தார்.

கன்ட்ரோல் அலுவலகம் என்பது பயணிகள் பார்க்காத இடம். ரயிலில் போகிறவருக்கு டிரைவரைத் தெரியும், கார்டைத் தெரியும், கொடி காட்டும் ஸ்டேஷன் மாஸ்டரைத் தெரியும். இவர்கள் எல்லோரையும் ஒரு டெலிபோன் கம்பியில் கட்டி இழுக்கும் செக்ஷன் கன்ட்ரோலரைத் தெரியாது. அவரும் ரயிலைப் பார்ப்பதில்லை. ஒரு மேஜை, காதில் ஹெட்போன், எதிரே ஒரு பெரிய சார்ட். ஆறு மணி நேரம் அப்படியே உட்கார வேண்டும். சாப்பாட்டுக்கு எழுந்து போவதுகூட யோசித்துச் செய்கிற காரியம்.

அந்தச் சார்ட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். படுக்கை வாட்டில் நேரம். நிமிஷம் நிமிஷமாகக் கோடு போட்டிருக்கும். நெட்டு வாட்டில் ஸ்டேஷன்கள், ஒன்றுக்கொன்று உள்ள தூரத்துக்குத் தக்கபடி. ஒரு வண்டி புறப்பட்டால் அது சார்ட்டில் ஒரு சாய்ந்த கோடு. வேகமான வண்டியின் கோடு செங்குத்தாக ஏறும். கூட்ஸ் வண்டியின் கோடு சோம்பலாகச் சாயும். வண்டி நின்றுவிட்டால் கோடு படுத்துவிடும். நேரம் மட்டும் ஓடும், ஊர் மாறாது. மேலிருந்து வரும் வண்டிக்கு ஒரு சாய்வு, கீழிருந்து வருவதற்கு எதிர்ச் சாய்வு. ஒற்றைப் பாதையில் இரண்டு கோடுகளும் ஏதாவது ஒரு ஸ்டேஷனின் மேல்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே வெட்டிக்கொண்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு புள்ளி காகிதத்தில் விழக்கூடாது. யாரை லூப்பில் போட்டு யாரை முன்னே விடுவது, எந்த வண்டியை எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிஷம் பிடித்து வைப்பது என்பதைக் கன்ட்ரோலர் அரை மணி, ஒரு மணி முன்னதாகவே மனத்தில் போட்டு வைத்திருப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதையெல்லாம் கலர் பென்சிலும் ஸ்கேலும் வைத்துக் கையால்தான் வரைவார்கள். இப்போது கம்ப்யூட்டர் திரையில் வரைகிறது. கணக்கு அதே கணக்குதான்.

திரைக்கதை எழுதுவது பற்றி எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் நாலைந்து பேரைத் தனித்தனி ஊரிலிருந்து கிளப்பி, ஒருவரை ஓர் இடத்தில் நிறுத்தி வைத்து, இன்னொருவரை முந்த விட்டு, சரியான இடத்தில் சந்திக்க வைப்பதுதான் திரைக்கதை என்றால், பாலக்காட்டுக் கன்ட்ரோல் அறையில் அதைத் தினம் ஆறு மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள்.

வசனத்துக்கும் அங்கே பயிற்சி உண்டு. கன்ட்ரோல் போனில் செக்ஷன் முழுவதும் ஒரே லைன். ஒரு ஸ்டேஷன் பேசுவதை மற்ற ஸ்டேஷன்களும் கேட்கலாம். அதனால் யாரும் நீட்டி முழக்கிப் பேச மாட்டார்கள். வண்டி எண், வந்த நேரம், போன நேரம், அவ்வளவுதான். முகம் தெரியாது, குரல் மட்டும். பழகிய கன்ட்ரோலர், 'இப்போதுதான் கிளம்பிற்று சார்' என்ற நாலு வார்த்தையில், வண்டி உண்மையில் கிளம்பிவிட்டதா, கிளம்பப் போகிறதா, ஸ்டேஷன் மாஸ்டர் தூங்கி எழுந்து பேசுகிறாரா என்று மூன்றையும் சொல்லிவிடுவார். எங்களைப் போன்ற தண்டவாளக்காரர்கள் அந்தக் காதுக்கு அஞ்சுவோம். தண்டவாளம் மாற்ற இரண்டு மணி நேரம் பிளாக் கேட்போம். வண்டிகளுக்கு நடுவே முக்கால் மணி கிடைக்கும். முடிந்துவிட்டதா என்று நாற்பதாவது நிமிஷம் கேட்பார்கள். 'ஆகிவிட்டது, ஆகிவிட்டது' என்று நாம் சொல்லும் குரலிலேயே இன்னும் எத்தனை போல்ட் பாக்கி என்று கண்டுபிடித்துவிடும் ஆட்கள் இருந்தார்கள். எந்தக் கோட்டம், யார் என்பது இங்கே வேண்டாம்.

இதெல்லாம் வேடிக்கைப் பேச்சு. அந்த அறையின் இன்னொரு முகம் வேறு. வாளையாறு, கஞ்சிக்கோடு காட்டுப் பகுதியில் யானை தண்டவாளத்தில் நிற்கிறது என்று நடு இரவில் செய்தி வரும். 2001 ஜூன் 22 மாலை, மங்களூர்–சென்னை மெயிலின் பெட்டிகள் கடலுண்டி ஆற்றில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இதே பாலக்காடு கோட்டத்தில். அப்படி ஒரு செய்தி வரும்போது கன்ட்ரோலில் இருப்பவர் அழ முடியாது, பதற முடியாது. நேரத்தைக் குறித்துக்கொண்டு, பின்னால் வரும் வண்டிகளை நிறுத்திவிட்டு, நிவாரண ரயிலைக் கிளப்ப வேண்டும். பெரிய துயரத்தை நிமிஷக் கணக்கில், உணர்ச்சி கலக்காமல் எழுதி வைக்க வேண்டும். ராமகிருஷ்ணனின் எழுத்தில் கொடுமையான காட்சிகள் அதிகம், ஆனால் புலம்பல் குறைவு என்று எனக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவருடைய முதல் நாவல் 'ஆல்ஃபா' 2003இல் வெளிவந்தது. கணக்குப் பாருங்கள்: வயது நாற்பத்திரண்டு, சர்வீஸ் இருபத்திரண்டு வருஷம். ஒரு மானிடவியல் பேராசிரியர் சிலரை அழைத்துக்கொண்டு ஆளில்லாத தீவுக்குப் போகிறார். மொழி, உடை, உறவு, அறிவு எல்லாவற்றையும் துறந்து இருபத்தைந்து வருஷம் வாழ்ந்து பார்ப்பது என்பது திட்டம். அதன் பலன் என்ன என்பதுதான் கதை. அடுத்தது 'ஃப்ரான்சிஸ் இட்டிக்கோரா' (2009). தம் ஊர்ப் பக்கத்துக் குன்னங்குளத்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் ஒரு மிளகு வியாபாரி இருந்ததாகக் கற்பனை செய்து, அவனை இத்தாலி வரை கொண்டுபோய், கேரளத்தின் பழைய கணிதத்தையும் அலெக்சாண்டிரியாவின் ஹைபேஷியாவையும் அதே கதைக்குள் இழுத்துவிட்டார். இந்த நாவல்தான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. வன்முறையும் காமமும் மிகுதி. எல்லாப் பக்கமும் எனக்கு உவப்பாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது.

நமக்கு முக்கியமானது 2014இல் வந்த 'சுகந்தி என்ன ஆண்டாள் தேவநாயகி'. பெயரிலேயே ஆண்டாள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். போருக்குப் பிந்திய இலங்கையில் கதை நடக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்து, 'முறிந்த பனை' நூலை எழுதியவர்களில் ஒருவராகி, 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட ராஜினி திராணகமவைப் பற்றி ஒரு படம் எடுக்கச் சினிமாக் குழு ஒன்று இலங்கைக்குப் போகிறது. அந்தக் குழுவில் திரைக்கதை எழுதும் பீட்டர் ஜீவானந்தம்தான் கதையைச் சொல்பவர். அவர் சுகந்தி என்ற பெண்ணைத் தேடிப் போகப் போக, காந்தளூர், சோழர் காலம், சிகிரியா என்று ஆயிரம் வருஷத்துக்கு முந்திய தேவநாயகியின் கதை உள்ளே வந்து கலக்கிறது. அரசனானாலும் சரி, போராளியானாலும் சரி, ராணுவமானாலும் சரி, அதிகாரம் பெண்ணை என்ன செய்தது என்பதை எந்தத் தரப்புக்கும் சலுகை காட்டாமல் கேட்கும் நாவல் அது. நம்மில் சிலருக்கு அது கசக்கும். கசந்தாலும் படிக்க வேண்டும் என்பேன். 2016ஆம் ஆண்டுக்கான கேரள சாகித்ய அகாதெமி விருதும், 2017இல் வயலார் விருதும் அதற்குக் கிடைத்தன.

ஈழத் தமிழரின் கதையை மலையாளத்தில் இவ்வளவு விரிவாக எழுத ஒரு ரயில்வேக்காரருக்கு எப்படி முடிந்தது? அதற்கான விதை சேலத்தில் விழுந்தது என்பேன். அவர் தமிழைப் பேசியதோடு நிற்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்து, நவீன இலக்கியத்துக்குள் நுழைந்துவிட்டார். சாரு நிவேதிதா, ஷோபாசக்தி ஆகியோரின் எழுத்தை மலையாளத்தில் பெயர்த்தார். தமிழ் எழுத்தாளர்களைப் பேட்டி கண்டு மலையாள வாசகர்களுக்கு அறிமுகம் செய்தார். இந்தப் பணிக்காக நல்லி திசை எட்டும் விருதும் பெற்றார். ஷோபாசக்தியை மொழிபெயர்ப்பவர் வரிக்கு வரி போரின் உள்ளே போய்த்தான் தீர வேண்டும். சுகந்திக்கு முன்னோடி அந்த மொழிபெயர்ப்பு மேஜைதான் என்று நான் நினைக்கிறேன்.

இத்தனையும் டியூட்டி பார்த்துக்கொண்டே. ரயில்வே ஷிப்ட் எப்படிப்பட்டது என்பது குடும்பத்தில் ரயில்வேக்காரர் இருப்பவர்களுக்குத் தெரியும். இன்று காலை, நாளை இரவு. பகலில் தூங்கி எழுந்தால் எந்தக் கிழமை என்றே தெரியாது. அந்த வாழ்க்கையின் நடுவே மூன்று பெரிய நாவல்களும் மொழிபெயர்ப்புகளும்.

பிறகு 2016 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வெளியே வந்துவிட்டார். அறுபது வயது வரை இன்னும் ஐந்து வருஷத்துக்கு மேல் பாக்கி. ரயில்வேயில் இருபது வருஷ சர்வீஸ் முடித்தவர் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து இப்படி வெளியே வரலாம், பென்ஷன் உண்டு. ஆனாலும் வருபவர்கள் குறைவு. அதிலும் ஏழாவது சம்பளக் கமிஷன் 1-1-2016 முதல் என்று எல்லோரும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த சமயம் அது. சீஃப் கன்ட்ரோலர் பதவி, பாஸ், மரியாதை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு எழுதப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், நம் குவார்ட்டர்ஸ் பாஷையில் அதற்கு ஒரு பெயர் உண்டு. அச்சில் போட முடியாது. எழுத்துக்குக் கிடைத்த சன்மானத்தை நம்பி அல்ல, மிச்சமிருக்கும் நேரத்தை நம்பித்தான் அவர் வந்திருக்க வேண்டும். நேரத்தின் விலை ஒரு கன்ட்ரோலருக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்குத் தெரியும்?

சினிமா அதன்பிறகு வந்தது. 2014இல் நாவலுக்குள் ஒரு திரைக்கதை ஆசிரியரை உருவாக்கியவர், 2018இல் தாமே திரைக்கதை ஆசிரியரானார். படம் 'ஓளு'. இயக்கியவர் 'பிறவி' எடுத்த ஷாஜி என். கருண் (2025 ஏப்ரலில் மறைந்துவிட்டார்). கொடுமைக்கு ஆளாகிக் காயலில் மூழ்கடிக்கப்பட்ட ஒரு பெண், சாகாமல் நீருக்கடியிலேயே மாதக்கணக்கில் வாழ்கிறாள். படகில் போகும் ஓர் ஓவியனோடு நிலவு நாளில் பேசுகிறாள். அந்த ஆண்டு கோவா திரைப்பட விழாவில் இந்தியன் பனோரமா பிரிவின் தொடக்கப் படம் இதுதான். ஒளிப்பதிவாளர் எம்.ஜே. ராதாகிருஷ்ணனுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. படம் தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை. எனக்கும் சில இடங்களில் மெதுவாகப் போவதுபோல்தான் இருந்தது. கூட்ஸ் வண்டிக் கோடு.

'பிரமயுகம்' அப்படியல்ல. 2024 பிப்ரவரி 15 அன்று வெளிவந்தது. ராகுல் சதாசிவன் கதை திரைக்கதை எழுதி இயக்கிய படம், வசனம் டி.டி. ராமகிருஷ்ணன். இந்தக் காலத்தில் துணிந்து கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தார்கள். ஒற்றப்பாலம் பகுதியிலும் படப்பிடிப்பு நடந்தது. பதினேழாம் நூற்றாண்டு மலபார். வழி தப்பிய தேவன் என்ற பாணன் ஒருவன், இடிந்து கிடக்கும் ஒரு மனைக்கு வந்து சேர்கிறான். மனைக்குச் சொந்தக்காரன் கொடுமண் போற்றி. அவனுக்கு ஒரு சமையல்காரன். படத்தின் பெரும்பகுதி இந்த மூன்று பேர்தான். பாட்டு, சண்டை, கூட்டம் எதுவும் கைகொடுக்காது. மூன்று ஆண்கள் ஒரு பாழடைந்த வீட்டில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே ஜனங்கள் உட்கார வேண்டும். அதற்கு வசனம் எழுதுவது சாமானியக் காரியமா?

அதிலும் ஒரு கட்டம். போற்றி தேவனைப் பகடை ஆட அழைக்கிறான். பணயம் வைக்க என்னிடம் எதுவும் இல்லையே என்கிறான் ஏழைப் பாணன். உன் நேரத்தை வை என்கிறான் போற்றி. தோற்றவன் அந்த மனையை விட்டுப் போக முடியாது. மம்மூட்டி அதைச் சிரித்துக்கொண்டே சொல்லும் விதத்தில் முதுகில் சில்லிட்டது. கதை இயக்குநருடையது, அதனால் இந்த யோசனை யாருடையது என்று பங்கு பிரிக்க நான் வரவில்லை. ஆனால் மற்றவர்களின் நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிகளை நிறுத்தியும் விட்டும் முப்பத்து நாலு வருஷம் ரயில்வேயில் கழித்த ஒருவர் அந்தப் பேச்சை எழுதியிருக்கிறார் என்று அறிந்து பார்த்தால், காட்சிக்கு இன்னொரு கனம் வந்துவிடுகிறது. போற்றி அதிகம் பேசுவதில்லை. கேட்பதற்கு உபசாரம்போல் இருக்கும், உள்ளே உத்தரவு இருக்கும். கன்ட்ரோல் போனில் பேசிப் பழகியவர்களுக்கு அந்தத் தொனி அந்நியம் இல்லை.

இங்கே நம் விஷயத்துக்கு வருகிறேன். நான் குடியிருக்கும் கோவிந்தாபுரம், கொல்லங்கோடு–பொள்ளாச்சி ரோட்டில் எல்லைச் செக்போஸ்ட் இருக்கும் ஊர். அரசாங்கக் காகிதம் மலையாளத்தில் வரும், வீட்டில் தமிழ் பேசுவோம். மாம்பழத்துக்குப் பேர் போன முதலமடை பக்கத்தில். அங்கே ஆலமரங்கள் கவிந்து நிற்கும் ரயில்வே ஸ்டேஷனில் எத்தனையோ சினிமாப் படப்பிடிப்பு நடந்திருக்கிறது. 1932இல் போட்ட பாலக்காடு–பொள்ளாச்சி மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்த 2008இல் மூடி, 2015இல்தான் மறுபடி திறந்தார்கள். வண்டியே வராத அந்த ஏழு வருஷம் எங்களுக்கு எப்படிப் போனது என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.

இப்படி இரண்டு மொழி நடுவே பிறந்து வளர்ந்தும் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்திருக்கிறோம்? மலையாளம் நமக்கு ரேஷன் கார்டுக்கும் பஸ் போர்டுக்கும். நம் பிள்ளைகளில் பலர் மலையாளத்தை நன்றாக எழுதப் படிக்கிறார்கள். தமிழைப் பேச மட்டும் தெரியும், படிக்கச் சொன்னால் திணறுகிறார்கள். பெரியவர்களாகிய நாம் தமிழ் படிப்போம், மலையாளப் புத்தகத்தைத் தொட மாட்டோம். வீட்டுக்குள்ளேயே ஒரு செக்போஸ்ட் போட்டு வைத்திருக்கிறோம். குன்னங்குளத்துப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சேலம் போன இருபது வயதுப் பையன், யாரும் கட்டாயப்படுத்தாமல் தமிழ் கற்று, நம் எழுத்தாளர்களைத் தம் மொழிக்கு எடுத்துப் போனார். அந்தப் பக்கத்திலிருந்து வண்டி வந்துவிட்டது. இந்தப் பக்கத்திலிருந்து கிளம்ப வேண்டியது இன்னும் லூப்பில்தான் நிற்கிறது.

ரயில்வேயை விட்டபிறகு ராமகிருஷ்ணன் ஆப்பிரிக்கப் பின்னணியில் 'மாமா ஆஃப்ரிக்கா', காஷ்மீரைப் பற்றி 'அந்தர் பதிரர் மூகர்' என்று நாவல்கள் எழுதினார். பின்னர் தாம் வாழ்ந்த ரயில்வேயையே பொருளாக வைத்து ஒரு நாவல் எழுதியிருக்கிறார். 'பச்ச மஞ்ஞ சுவப்பு' என்று பெயர். பச்சை, மஞ்சள், சிவப்பு. எங்கள் சிக்னல் விளக்குகளின் வரிசை. மலையாளம் படிக்கத் தெரிந்த நம் இளைஞர்களில் யாராவது அதை எடுத்து வைத்துக்கொண்டு ஓர் அத்தியாயத்தையாவது தமிழில் எழுதிப் பார்த்து நம் இதழுக்குக் கொடுக்கலாம். லைன் கிளியர், பிளாக், லூப், காஷன் ஆர்டர் என்று வரும் இடங்களில் திகைக்க வேண்டாம். கோவிந்தாபுரத்துக்கு வந்தால், அந்தச் சொற்களுக்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பொருள் சொல்ல நான் தயார். மாலை நான்கு மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பேன்.